நிழலைத் துரத்திய நாய்: ஒரு பார்டர் கோலியின் நிகழ்வு ஆய்வு

கரியன் என்று வீட்டார் அழைக்கும், பார்டர் கோலி என்ற மேய்ப்பு இனத்து ஆண் நாய் என்னிடம் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டபோது அதற்கு வயது 22 மாதம்; எடை 16.8 கிலோ; தோள் உயரம் 53 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு அது மெலிவுதான். விலா எலும்புகளைத் தடவித் தேட வேண்டியிருக்கவில்லை, கண்ணாலேயே எண்ண முடிந்தது. வீட்டார் சொன்ன குறைகள் மூன்று: நாள் முழுவதும் நிழலையும் வெளிச்சப் புள்ளிகளையும் துரத்துகிறது, ஒன்பது வயது மகள் வீட்டுக்குள் ஓடினால் அவளது குதிகாலைக் கவ்வுகிறது, பத்து நாள்களுக்கு முன் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது பின்கால்கள் தள்ளாடி விழுந்துவிட்டது. மூன்றையும் சொல்லி முடித்தபின் குடும்பத்தலைவர் கேட்ட கேள்விதான் இந்த நிகழ்வை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது: “டாக்டர், இதற்கு மேல் இவனை எவ்வளவு நேரம்தான் ஓட வைப்பது?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் பந்து, மாலையில் ஒரு மணி நேரம் பந்து, இடையில் சைக்கிளோடு ஆறு கிலோமீட்டர் ஓட்டம் என்று அந்தக் குடும்பம் தன் அன்றாடத்தையே நாய்க்காக மாற்றி அமைத்திருந்தது. மேய்ப்பு நாய்க்கு ஓட்டம் போதாவிட்டால் பித்துப் பிடித்துவிடும் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொல்லப்பட்ட அறிவுரையை அவர்கள் எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தார்கள். அந்த அறிவுரையே நோயின் பாதியாகிவிட்டது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு நான் வந்த வழியையும் அதற்குப் பிந்தைய 14 மாதங்களில் நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வந்த வழி

ஒன்பது வார வயதில் வீட்டுக்கு வந்த குட்டி ஐந்தாம் மாதம் வரை குறையின்றி வளர்ந்திருக்கிறது. அப்போது வந்திருந்த உறவினர் ஒருவர் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைத் தரையில் ஓடவிட்டுக் காட்டினார். குட்டி அதைத் துரத்திய அழகில் எல்லோரும் மயங்கி, வெளியே போக முடியாத நாள்களில் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். மூன்று வாரங்களில், விளக்கை அணைத்த பிறகும், புள்ளி கடைசியாக மறைந்த சுவர் மூலையை விட்டு அது நகர மறுத்தது. பயந்துபோய் விளக்கை எறிந்துவிட்டார்கள். ஆனால் எட்டாம் மாதத்துக்குள் கைக்கடிகாரம், பாத்திர மூடி, கைபேசித் திரை என்று ஒளி தெறிக்கும் பொருள்கள் எல்லாம் அந்த விளக்கின் வேலையை எடுத்துக்கொண்டன. ஒரு வயதாகும்போது ஒளி கூடத் தேவைப்படவில்லை, நடப்பவரின் நிழலே போதுமானதாகிவிட்டது.

தாய் நாயை வளர்த்தவரிடம் வீட்டார் தொலைபேசியில் விசாரித்தபோது, அதுவும் வெயில் புள்ளிகளைத் துரத்தும் என்றும், அதை ஒரு வேடிக்கைப் பழக்கமாகவே எல்லோரும் எண்ணியிருந்ததாகவும் தெரியவந்தது. இது வியப்பூட்டும் செய்தி அன்று. ஒரே செயலை அடக்க முடியாமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டாயச் செயல் கோளாறுகள் நாய்களில் இனத்துக்கு இனம் வேறு முகம் காட்டுபவை: புல் டெரியரும் ஜெர்மன் ஷெப்பர்டும் தம் வாலைத் துரத்திச் சுழலும்; டாபர்மேன் தன் விலாப்புறத்தைச் சப்பிக்கொண்டே இருக்கும்; பார்டர் கோலிக்கு அது பெரும்பாலும் நிழலும் ஒளியும்தான். டாபர்மேனில் இக்கோளாற்றோடு தொடர்புடைய ஒரு மரபணுப் பகுதி 2010-இல் கண்டறியப்பட்டது. ஆகவே லேசர் விளக்கை மட்டும் குற்றவாளியாக்க நான் தயாரில்லை. அது பற்றவைத்தது, எரியும் பொருள் முன்பே இருந்தது.

அந்த எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த இனத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் உருவானதால்தான் இதற்கு ‘பார்டர்’ என்ற அடைமொழி. பிரிட்டனில் பதிவான முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி 1873-இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் நடந்தது. பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் 1906-இல் தோன்றியது. அதன் செயலாளர் ஜேம்ஸ் ரீட் 1915-இல் ‘பார்டர் கோலி’ என்ற பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். இவ்வினத்தின் மூதாதையாகக் கருதப்படும் ‘ஓல்ட் ஹெம்ப்’ 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. அதன் தந்தை ராய் இனிய குணமும் மிதமான பார்வையும் கொண்டது. தாய் மெக் கூச்ச சுபாவமும் மிகக் கூர்மையான பார்வையும் கொண்டது. மேய்ப்பர்கள் இதை நாயின் ‘கண்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். குரைக்காமலும் கடிக்காமலும், உடலைத் தாழ்த்தி உற்றுப் பார்ப்பதாலேயே ஆட்டை நகர்த்தும் ஆற்றல் அது. கண் மட்டும் மிகுந்து மனத்திடம் குறைந்த நாய் ஆட்டைப் பார்த்தபடியே உறைந்துபோகும். இரண்டும் அளவாகக் கலந்ததுதான் ஹெம்ப்பின் சிறப்பு என்று சொல்வார்கள். கரியனின் தாயைப் பற்றிக் கேட்டபோது எனக்கு மெக்கின் நினைவு வந்தது.

உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் இதை வேட்டைச் சங்கிலி என்ற கருத்தால் விளக்கினார். ஓநாயின் வேட்டை, பார்ப்பது, உற்றுநோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது என்று கண்ணி கண்ணியாகச் செல்கிறது. பார்டர் கோலியில் உற்றுநோக்குவதிலிருந்து துரத்துவது வரையுள்ள கண்ணிகள் தடித்துப் பெருத்திருக்கின்றன. கொல்லும் கண்ணி மழுங்கடிக்கப்பட்டிருக்கிறது. அதாவது இந்த நாய்க்கு இரை கிடைப்பது பரிசு அன்று, துரத்துவதே பரிசு. இரை கிடைத்து முடியும் வேட்டைக்கு இயற்கையாகவே ஒரு முடிவு உண்டு. துரத்துவதே பரிசான வேட்டைக்கு முடிவை வெளியிலிருந்து யாராவது தந்தாக வேண்டும்.

மேய்ப்பர்கள் அதை அறிந்தே இருந்தார்கள். நாயை வலமாகவும் இடமாகவும் சுற்றிவரச் செய்யும் கட்டளைகள் பிறகுதான்; முதலில் உறுதிப்படுத்த வேண்டியது ‘படு’. வேலை முடிந்தபின் சொல்லும் ‘தட் வில் டூ’ என்ற சொற்றொடர், இத்தோடு போதும், என்னிடம் வா என்று பொருள்படும். அதைக் கேட்டதும் ஆட்டை விட்டுக் கண்ணை எடுக்காத நாயை எந்த மேய்ப்பரும் பயிற்சி பெற்ற நாயாக ஏற்கமாட்டார். மந்தையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்த்த பிறகு அந்த நாய் நெடுநேரம் சும்மா படுத்துக் கிடக்கிறது என்பதும் வீட்டில் வளர்ப்பவர்கள் காணாத காட்சி. அவர்கள் காண்பது போட்டிகளிலும் வீடியோக்களிலும் வரும் ஓட்டத்தை மட்டுமே. கரியனின் வீட்டில் ஓட்டம் தாராளமாக இருந்தது. போதும் என்ற சொல் எந்த வடிவத்திலும் இல்லை. பந்து எறியப்பட்டது, வந்தது, மீண்டும் எறியப்பட்டது. எறிபவரின் கை சோர்ந்தால் ஆட்டம் நின்றது, நாயின் மனத்தில் நிற்கவில்லை.

பரிசோதனை

நடத்தைக் கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன் உடலைப் பார்த்தாக வேண்டும். அதைத் தவிர்த்து நேராக மனத்துக்குத் தாவுவதை நான் அலட்சியம் என்றே சொல்வேன். நிழலைத் துரத்துவதாகத் தெரிவது, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் பகுதி வலிப்பாக இருக்கலாம். கண்ணுக்குள் மிதக்கும் துகள்களைப் பிடிக்க முயல்வதாக இருக்கலாம். இல்லாத ஈயைக் கவ்வுவதுபோல வாயால் காற்றைக் கொத்தும் நாய்கள் சிலவற்றில் காரணம் வயிற்றுக்குள் இருப்பதும் உண்டு. இரத்தப் பரிசோதனை, தைராய்டு, கல்லீரல் செயல்பாடு ஆகிய மூன்றும் சரியாக இருந்தன. கண் பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்ததில் குறை இல்லை. கோலி இனங்களுக்குரிய பிறவிக் கண் குறைபாட்டின் மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தது. ஒரு பிரதி பார்வையைக் கெடுக்காது. இனப்பெருக்கம் செய்வோருக்குத்தான் அது கவலை.

வலிப்பா, இல்லையா என்பதைப் பிரித்துக் காட்டியது கருவி எதுவும் இல்லாத ஒரு சிறு சோதனை. பரிசோதனை அறையில் என் கடிகாரத்தின் ஒளி சுவரில் தெறித்ததைப் பிடித்துக்கொண்டு 20 நிமிடங்களுக்கும் மேலாக அந்தச் சுவரையே பார்த்து நின்ற நாய், அறையை முழு இருட்டாக்கியதும் ஏழு நிமிடங்களில் படுத்துவிட்டது. மூளையில் எழும் வலிப்பு விளக்கை அணைத்தால் அணையாது. வெளியிலிருந்து வரும் தூண்டல் நின்றதும் செயலும் நிற்கிறது என்றால் பாதை வேறு.

ஆனால் நான் எதிர்பாராத இரண்டு விஷயங்கள் உடலில் கிடைத்தன. கோரைப் பற்கள் நான்கின் நுனியும் தேய்ந்து தட்டையாகியிருந்தன. டென்னிஸ் பந்தின் மேல்துணியில் மணல் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள் போல எனாமலைத் தேய்க்கும். இடது தோள்பட்டையை முன்னோக்கி நீட்டியபோது நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அல்ட்ராசவுண்டில் பைசெப்ஸ் தசைநாணைச் சுற்றி வீக்கம் தெரிந்தது. வேகமாக ஓடிச் சென்று, சறுக்கி நின்று, உடலைத் திருப்பும் அந்த ஒரே அசைவை நாளுக்கு நூறு முறைக்கு மேல் செய்த தோள் அது. நொண்டவே இல்லையே என்று குடும்பத்தலைவரின் மனைவி கேட்டார். துரத்தலின் பரபரப்பில் இந்த இனம் வலியைக் காட்டாது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் எரிச்சல் வரும், எரிச்சலுற்ற நாய் தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலான செயலிடம் திரும்பும்.

தூக்கத்தை அளக்க, வீட்டில் மூன்று நாள் கேமரா வைக்கச் சொன்னேன். வளர்ந்த நாய் ஒன்று நாளில் பாதிக்கும் மேல் உறங்கியும் ஓய்ந்தும் கழிப்பது வழக்கம். கரியன் படுத்திருந்த நேரமே எட்டு மணிக்குச் சற்று மேல். அதிலும் கண்களை மூடியிருந்தது ஆறு மணி நேரம் இருக்கலாம். நிழல் துரத்தலில் சராசரியாக நாளுக்கு மூன்று மணி நேரம் போனது.

விழுந்த நாள்

தள்ளாடி விழுந்த நிகழ்வின் 40 வினாடி வீடியோ என்னிடம் காட்டப்பட்டது. பந்து எறியத் தொடங்கிய 12 நிமிடத்தில் பின்கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, உடல் ஒருபக்கம் சாய்ந்து, முகத்தில் ஒரு வெறித்த பார்வையோடு நாய் நிற்கிறது. நினைவு தப்பவில்லை, எச்சில் வழியவில்லை, தன்னையறியாமல் சிறுநீர் போகவில்லை. அந்த நிலையிலும் அது பந்தை நோக்கி இரண்டு அடி வைத்தது. கால் மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டதால் வீட்டார் அன்று மருத்துவரிடம் போகவில்லை.

பார்டர் கோலிகளில் கடும் ஓட்டத்துக்குப் பின் வரும் ‘பார்டர் கோலி நிலைகுலைவு’ என்ற நிலைக்கு இது பொருந்துகிறது. ஐந்து முதல் பதினைந்து நிமிட ஓட்டத்தில் தோன்றி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெளியும். லாப்ரடார்களில் வரும் உடற்பயிற்சி நிலைகுலைவுக்குக் காரணமான மரபணு மாற்றம் இவற்றில் இல்லை. இதை உறுதிப்படுத்தும் மரபணுச் சோதனையும் இல்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். இதய ஒலி, இதய மின்வரைவு, ஓய்விலும் நடைக்குப் பின்னும் எடுத்த இரத்தச் சர்க்கரை ஆகியவை சரியாக இருந்ததால் நான் இதையே பெரும்பாலும் சாத்தியமானதாகக் குறித்துக்கொண்டேன்.

வீட்டாருக்கு நான் சொன்ன நடைமுறை எளிது: கால் இடறும் முதல் அடியிலேயே ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் சாதாரணக் குளிர்நீர் ஊற்றிக் காற்றுப்பட வைக்க வேண்டும், ஆசனவாய் வழியாகப் பார்க்கும் வெப்பநிலை 39.5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும்; தெளிவு வரத் தாமதமானால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடுவது வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், ஏனென்றால் அன்று அவர்கள் செய்தது அதைத்தான்.

மாற்றியமைத்தவை

முதல் ஆறு வாரங்களுக்குப் பந்து இல்லை, சைக்கிள் இல்லை, ஓட்டமும் இல்லை என்றதும் கணவர் என்னை நம்பிக்கையின்றிப் பார்த்தார். தோள்பட்டைக்கு ஓய்வு தேவை என்பது ஒரு காரணம். கட்டாயச் செயலில் சிக்கிய நாயைத் துரத்தலால் களைக்க வைப்பது, குடியால் கெட்டவருக்குக் கூடுதலாக ஊற்றுவது போன்றது என்பது மற்றொரு காரணம். இரண்டாவதை அவர் ஏற்கவில்லை, முதலாவதற்காகச் சம்மதித்தார். காரணம் எதுவாயினும் சம்மதம் கிடைத்ததே எனக்குப் போதுமாயிருந்தது.

தூண்டல்களைக் குறைப்பது வீட்டைச் சுற்றிப் பார்த்துச் செய்த வேலை. கூடத்து ஜன்னல்களுக்கு மங்கல் தாள் ஒட்டப்பட்டது. பளபளப்பான தரையில் பாய்கள் விரிக்கப்பட்டன. கைக்கடிகாரங்கள் வாசலிலேயே கழற்றி வைக்கப்பட்டன. இவற்றைவிட முக்கியமானது நடைநேரம். வெப்பத்துக்குப் பயந்து அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த சூரியோதயமும் மாலையும்தான் நிழல் மிக நீளமாக விழும் நேரங்கள். தெருவிளக்கின் கீழ் நடந்தாலும் அதே சிக்கல்: விளக்கை நெருங்கும்போது நிழல் சுருங்கும், கடந்ததும் நீண்டு முன்னால் ஓடும், துரத்துவதற்கென்றே செய்தது போல இருக்கும். ஆகவே பொழுது விடிவதற்கு முன் விளக்கில்லாத பாதையிலும், மேகமூட்டமான நாள்களில் எப்போது வேண்டுமானாலும் என்று மாற்றினோம். பத்து மீட்டர் நீளக் கயிற்றில், நாய் முகர விரும்பும் இடத்தில் எல்லாம் நிற்க விட்டு, 40 நிமிட நடை. தூரம் ஒரு கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது.

உணவுத் தட்டு எடுத்துவைக்கப்பட்டது. அளந்த உணவில் பாதியைப் புல்லில் தூவித் தேட விட்டோம், மறுபாதி பயிற்சிக்கு. கண்ணால் வாழும் நாயை மூக்கால் வாழப் பழக்குவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். மூக்கு தரையில் இருக்கும்போது கண் எதையும் துரத்துவதில்லை. மேலும் தேடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு: கிடைத்தது, தின்றது, முடிந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், 15 நிமிடத் தேடலுக்குப் பிறகு நாய் தானாகப் படுத்து உறங்கிவிட்டது என்று வீட்டார் எனக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு மணி நேரப் பந்தாட்டம் ஒருநாளும் செய்யாத வேலை அது.

பாயில் படுத்திருக்கப் பழக்கியது மெதுவாக நடந்தது. முதல் நாள் ஐந்து வினாடி. அதற்கே ஒரு துண்டு உணவு. பார்டர் கோலிக்குப் படுப்பதும் ஒரு வேலையாகிவிடும் ஆபத்து இங்கே உண்டு: அடுத்த துண்டு எப்போது வரும் என்று உடலை இறுக்கி, கண் இமைக்காமல் பார்த்துக் கிடக்கும். அந்தப் படுக்கைக்குக் கூலி தரக் கூடாது என்று சொன்னேன். இடுப்பு ஒருபக்கம் சரிந்து, தாடை தரையைத் தொட்டு, மூச்சு நீளும்போதுதான் துண்டு, அதுவும் பேசாமல் முன்கால்களுக்கு நடுவில் வைக்கப்பட வேண்டும். மிகுந்த அறிவுள்ள நாய் என்று இவ்வினத்தைப் புகழ்பவர்கள், 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்ற சேசர் என்ற பார்டர் கோலியைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வைச் சுட்டுவார்கள். அதே அறிவுதான் லேசர் புள்ளியையும் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டது.

‘போதும்’ என்ற சொல்லை வீட்டார் எல்லோரும் ஒரே தொனியில் சொல்லப் பழகினார்கள். தேடல் முடிந்ததும் அந்தச் சொல், வெறுங்கைகளைக் காட்டுவது, பாய்க்குச் செல்வது என்ற வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. சொன்ன பிறகு யாரும் மனமிரங்கி இன்னொரு முறை விளையாடக் கூடாது. இந்த விதியை மீறியவர் கணவரின் தாயார் ஒருவரே. நாய் அவரிடம் மட்டும் மூக்கால் முழங்கையைத் தட்டிக் கேட்கக் கற்றுக்கொண்டது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மகளின் குதிகால் விவகாரத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். தோல் கிழியவில்லை, நான்கு முறை சிவந்த தடம் மட்டுமே பதிந்தது என்றாலும், ஓடும் குழந்தையை மந்தையிலிருந்து பிரிந்த ஆட்டைப் போல நடத்தும் நாயை விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. கூடத்துக்கும் சிறுமியின் அறைக்கும் இடையில் ஒரு தடுப்புக் கதவு போடப்பட்டது; பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரும் ஒன்றாக விடப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, மரம் போல நிற்கச் சிறுமிக்குக் கற்றுத்தந்தோம். அசைவு நின்றதும் நாயின் ஆர்வமும் அறுந்துவிடும். பிறகு அவளே உணவைப் புல்லில் ஒளித்துவைப்பவள் ஆனாள். அவளைத் துரத்துவதைவிட அவள் ஒளித்ததைத் தேடுவது மேல் என்று நாய்க்குப் புரிய ஒன்பது வாரங்கள் ஆயின.

மருந்து

தோள்வலிக்கு இரண்டு வாரம் மெலாக்ஸிகாம் கொடுத்தேன். அது முடிந்த பிறகு, கட்டாயச் செயலைத் தணிக்க, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் ஃபுளுவாக்ஸெட்டின் நாளுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் தொடங்கினேன். அந்த எடைக்கு அது கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். இம்மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். ஆரம்பத்தில் பசி குறையும். ஏற்கெனவே மெலிந்த நாய் என்பதால் வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொன்னேன்.

இங்கே ஏறக்குறையத் தவறிப்போயிருக்கும் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். உண்ணிக்காக அந்த வீட்டில் அமிட்ராஸ் கரைசலால் நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தது. மருந்துப் பட்டியலில் அதை அவர்கள் குறிப்பிடவே இல்லை, குளியல் மருந்து ஆகுமா என்ற எண்ணத்தில். அமிட்ராஸ், செரட்டோனினைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் நொதியைத் தடுக்கும் தன்மை கொண்டது. ஃபுளுவாக்ஸெட்டினோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தற்செயலாக உண்ணி பற்றிய பேச்சு வந்ததால் தெரிந்தது, இப்போது “நாயின் தோலில் எதைத் தடவுகிறீர்கள்?” என்பதையும் தனிக் கேள்வியாகக் கேட்கிறேன். மாற்றாக உண்ணிக்குத் தரும் ஐசோஆக்ஸஸோலின் வகை மாத்திரைகள் சில நாய்களில் வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருந்தது. விழுந்த நிகழ்வு வலிப்பு அன்று என்பதில் எனக்கு முழுத் தெளிவு வரும்வரை அவற்றையும் தவிர்த்து, கழுத்துப்பட்டை வடிவ மருந்தைப் பரிந்துரைத்தேன்.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைத் தாங்காத கோலி இனங்களின் மரபணு மாற்றத்தையும் சோதித்தோம். ரஃப் கோலிகளில் பெரும்பாலானவற்றிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் ஏறத்தாழப் பாதியிலும் காணப்படும் அது பார்டர் கோலியில் அரிது, கரியனிடம் இல்லை.

நடந்தது

முதல் வாரம் மோசமானது. பந்தை நிறுத்திய நான்காம் நாள் நிழல் துரத்தல் ஏறத்தாழ ஐந்து மணி நேரமாக உயர்ந்தது. இரவில் சுவரைப் பார்த்துக் குரைத்தது. மனைவி அழுதுகொண்டே தொலைபேசியில் பேசினார். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது அந்தச் செயல் தணிவதற்கு முன் ஒருமுறை பொங்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். சொல்லியிருந்ததைக் கேட்பதும் வீட்டுக்குள் அதை அனுபவிப்பதும் ஒன்றல்ல. எட்டாம் நாள் தணிந்தது. நான்காம் வாரத்தில் துரத்தல் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே வந்தது. மருந்து தொடங்கி எட்டாவது வாரத்தில் முக்கால் மணி நேரம். ஐந்தாம் மாத முடிவில் கால் மணி நேரத்துக்கும் குறைவு. உறக்கமும் ஓய்வும் சேர்ந்து 13 மணி நேரத்தைத் தொட்டன. எடை 18.1 கிலோ ஆனது. ஆண்மை நீக்கம் உதவுமா என்று கேட்டார்கள். இந்தக் கோளாற்றுக்கு அது மருந்து அன்று என்றேன்.

ஆறாம் மாதத்தில் சறுக்கல். வீட்டுக்கு வந்திருந்த சிறுவன் ஒருவன் கைபேசித் திரையின் ஒளியைச் சுவரில் ஆட்டிக் காட்டினான். பத்து நிமிட விளையாட்டுதான். மறுநாள் துரத்தல் மீண்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது, பழைய நிலைக்குத் திரும்ப மூன்று வாரமானது. இத்தகைய பழக்கம் அழிவதில்லை, அடங்கிக் கிடக்கிறது என்று எண்ணித்தான் குடும்பங்களைத் தயார்செய்ய வேண்டும். அதன்பின் விருந்தினர் வரும்போது கரியன் பின்னறையில், மெல்லுவதற்கு ஏதாவது ஒன்றோடு, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது வழக்கமாகிவிட்டது.

ஒன்பதாம் மாதத்தில் கணவர், நாயை ஆடுகள் உள்ள இடத்துக்கு அழைத்துச் சென்று உண்மையான வேலை தரலாமா என்று கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் உற்றுநோக்குவதில் சிக்கிக்கொள்ளும் நாய் ஆட்டின் முன்னும் சிக்கிக்கொள்ளும். தவிர, ஆடும் ஓர் உயிர், இன்னோர் உயிரின் மனச்சுமையை இறக்கிவைக்கும் கருவியாக அதைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அனுபவமுள்ள மேய்ப்பர் ஒருவர் பக்கத்தில் நின்று, ‘படு’ என்ற சொல்லுக்கு நாய் தூரத்திலிருந்தே படுக்கும் நிலை வந்த பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தேன். அந்த நிலை இன்னும் வரவில்லை.

இரட்டை அடுக்கு முடியை வாரம் இருமுறை வாரிவிடுவதும், காதுக்குப் பின்னாலும் பின்தொடையிலும் விழும் சிக்குகளைக் கையால் பிரிப்பதும் இப்போது கணவரின் தாயாருடைய பொறுப்பு. வெப்பம் தாங்காது என்று மழித்துவிடும் யோசனையை அவரே மறுத்துவிட்டார் என்று கேட்டு மகிழ்ந்தேன். அந்த அடுக்கு வெயிலையும் தடுக்கிறது.

14-ஆம் மாதப் பார்வையில் தோள்பட்டை வலியின்றி முழுமையாக நீண்டது. நிலைகுலைவு மறுபடி வரவில்லை. குதிகால் கவ்வல் ஐந்து மாதங்களாக இல்லை. தடுப்புக் கதவு அங்கேயே இருக்கிறது. நிழல் துரத்தல் பெரும்பாலான நாள்களில் இல்லை. வெளிச்சம் சாய்வாக விழும் பருவத்தில் மட்டும் கூடத்தில் ஐந்து, ஆறு நிமிடம் தலைகாட்டுகிறது, ‘போதும்’ என்றால் பாய்க்குப் போகிறது. ஃபுளுவாக்ஸெட்டினைப் பன்னிரண்டாம் மாதத்தில் 10 மில்லிகிராமாகக் குறைத்துப் பார்த்ததில் மூன்றாம் வாரமே துரத்தல் நீண்டதால் மீண்டும் 20 ஆக்கினேன். சாய்வெளிச்சப் பருவம் முடியும்வரை அளவை மாற்றுவதில்லை என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். மகள் பந்தைத் திரும்பத் தரலாமா என்று கேட்டாள். எறியாமல், உயரமான புல்லில் ஒளித்துவைத்து, நாளுக்கு மூன்று முறை, மேல்துணி இல்லாத ரப்பர் பந்து என்றால் சரி என்றேன். அவள் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.